பன்னிரண்டாவது ஸ்டாப்புக்கு ஒரு பேர்

ஜனவரி 9

விசிலுக்கு,

டெப்போவில் எல்லாரும் உன்னைக் கூப்பிடுகிற பேரையே போட்டு ஆரம்பிக்கிறேன். ‘அன்புள்ள’ என்று போட்டால் மேற்கொண்டு படிக்காமல் கிழித்துவிடுவாயோ என்று பயம்.

நீ சொன்னபடி போன் செய்யவில்லை. “போன்ல உங்க குரலைக் கேட்டாலே எனக்குத் திட்டத்தான் வருது. எதுவா இருந்தாலும் எழுதுங்க” என்றாய். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் எழுதியதெல்லாம் லீவு லெட்டர்தான். அதிலும் பாதி நீ எழுதிக் கொடுத்தது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். இந்த ஊரை முதலில் காகிதத்தில் வரைந்து, சரிபார்த்து, அதற்குப் பிறகுதான் மண்ணில் கட்டியிருக்கிறார்கள். ரோடெல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. மரங்கள் ஒரே நாளில் நட்டவை, அதனால் ஒரே உயரம். வீடுகள் ஒரு பக்கம், ஆபீஸ்கள் ஒரு பக்கம், கடைகள் ஒரு பக்கம். சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்துபோனால் ஊசி நூல் வாங்க பஸ் ஏற வேண்டும். குறுக்கே யாரும் ஓடுவதில்லை. ஹார்ன் அடிக்க ஒரு சந்தர்ப்பம் கிடைக்காமல் என் கை துறுதுறுவென்கிறது.

எனக்கு ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். கட்டிலைச் சுவரோடு மடித்து வைத்துவிடலாம். எதிர்க் கட்டடத்திலும் அதே ஜன்னல், அதே திரை. காலையில் அங்கே ஒருத்தர் பல் தேய்க்கிறார், நான் இங்கே தேய்க்கிறேன்.

பஸ் புதுசு. கதவு தானே திறக்கும், தானே மூடும். ஏறுகிறவர்கள் கதவோரம் இருக்கிற மெஷினில் அட்டையைக் காட்டிவிட்டு உட்காருகிறார்கள். கண்டக்டர் கிடையாது. உன் சீட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குப்பைத் தொட்டி இருக்கிறது.

முதல் நாள் ஒரு அதிகாரி கூடவே வந்து வழி காட்டினார். பன்னிரண்டாவது ஸ்டாப்பில் அவர் இறங்கிக்கொண்டார். அங்கே மட்டும் வண்டியை எடுக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். ஏதோ யோசனை. மற்றபடி எல்லாம் சரியாகவே நடந்தது.

சாப்பிட்டாயா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்டால் அதற்கும் ஏதாவது சொல்வாய்.

இப்படிக்கு,
ஸ்டியரிங்


ஜனவரி 17

ஓட்டுநர் அவர்களுக்கு,

பதில் எழுதுகிறேன் என்பதற்காக மனம் குளிர வேண்டாம். உங்கள் அக்கா வந்து தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, “எழுதுடி, எழுதுடி” என்று நச்சரிக்கிறார். அவர் வாயை அடைக்கத்தான் எழுதுகிறேன்.

என் சீட் இருந்த இடத்தில் குப்பைத் தொட்டி! உங்களுக்கு எழுத வேறு விஷயமே கிடைக்கவில்லையா? அதைப் படித்துவிட்டு டூட்டிக்குப் போன அன்று, சில்லறை இல்லை என்று சொன்ன ஒரு அப்பாவியைக் கடித்துக் குதறிவிட்டேன். பாவம், அந்த மனுஷன் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிப் போய்விட்டார்.

நீங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னீர்கள்: “ரூட்டைக் குறைச்சுட்டே வர்றாங்க, இங்க இருந்து பிரயோஜனம் இல்ல. அந்த ஊருக்குப் போயிடலாம். நீ ஹாயா வீட்ல இரு. டிக்கெட் கிழிச்சுக் குடுக்கிறதுதானே, அது ஒரு வேலையா?”

அது ஒரு வேலையா! பரீட்சை எழுதி, அந்த டெப்போவில் முதல் பெண் கண்டக்டராக நுழைந்தவள் நான். நான் பையை மாட்டிக்கொண்டு நின்ற அன்று, என்னோடு வண்டி எடுக்க மாட்டேன் என்று இரண்டு டிரைவர்கள் ஒதுங்கிப் போனார்கள். மூன்றாவதாக வந்தவர் ஒருத்தர் மட்டும், “ஏறும்மா, நேரமாச்சு” என்றார். அந்த ஆளைத்தான் நான் கட்டிக்கொண்டேன். அந்த ஆளும் இப்படிக் கேட்டால் நான் எங்கே போவது?

இப்போது என் வண்டிக்கு ஒரு புது டிரைவர். கல்யாணமாகி மாதம் ஒன்றுகூட ஆகவில்லை, தினமும் இஸ்திரி மடிப்புக் கலையாமல் வருகிறார். ‘மாப்பிள்ளை’ என்று பேர் வைத்துவிட்டேன். நல்ல பையன்தான். ஆனால் விசில் அடித்து முடிப்பதற்குள் வண்டியை எடுத்துவிடுகிறார். ஒரு காலைத் தரையிலும் ஒரு காலைப் படியிலும் வைத்திருப்பவர்கள் என் கையில்தான் இருக்கிறார்கள் என்பது அவருக்கு இன்னும் புரியவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேலை இல்லாத ஊருக்கு நான் வர மாட்டேன். எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அக்கா விசாரித்ததாக எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

கண்டக்டர்


ஜனவரி 26

விசிலுக்கு,

குப்பைத் தொட்டி விஷயத்தில் எனக்கு வேண்டியதுதான். அதற்குமேல் எதையாவது எழுதி இன்னும் வாங்கிக் கட்டிக்கொள்ள விருப்பமில்லை. ஆனால் இந்த ஊரில் எனக்கு ஒரு சிக்கல். அதை நீதான் தீர்க்க முடியும்.

இங்கே ஸ்டாப்புக்குப் பேர் கிடையாது, நம்பர்தான். ஒரு கண்ணாடிக் கூரை, ஒரு நீல பெஞ்சு, ஒரு நம்பர். எல்லாமே ஒரே அச்சு. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் எங்கே இருக்கிறோம் என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள், யாரிடம் போய்க் கேட்பது? ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து ஏறும் நர்ஸ் ஒருத்தி நேற்று அசதியில் கண்ணயர்ந்து, திடுக்கென்று எழுந்து, ஏழில் இறங்குவதற்குப் பதில் ஒன்பதில் இறங்கிவிட்டாள். கண்ணாடியில் பார்த்தேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்து நின்றாள்.

உன் வண்டியில் அப்படி யாராவது தப்பாக இறங்கியிருக்கிறார்களா? “பாலம் எறங்கு, பாலம்! தூங்குற அண்ணே, உங்களைத்தான்!” என்று நீ போடுகிற சத்தத்தில் பக்கத்து வண்டிக்காரனே இறங்கிவிடுவானே.

நானும் சத்தம் போட்டுப் பார்த்தேன். “ஏழு எறங்கு, எட்டு எறங்கு” என்றால் யார் காதிலும் ஏறவில்லை. நம்பர் மனசில் நிற்காது போலிருக்கிறது. நம் ரூட்டில் அந்த மோசமான திருப்பத்துக்கு ‘மாமியார் வளைவு’ என்று நீ பேர் வைத்தது எனக்கு ஞாபகம் வந்தது. கவர்மெண்ட் போர்டில் வேறு ஏதோ எழுதியிருந்தது, அதை எவன் படித்தான்?

அதனால் நீ பேர் வைத்துக் கொடு. நான் பார்த்ததை எழுதுகிறேன்.

மூன்று: எதிரே பல் டாக்டர். வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு பல் பொம்மை.

ஐந்து: பெஞ்சில் ஒருத்தர் தினமும் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கதவைத் திறந்தால் என்னைப் பார்ப்பார், தலையாட்டுவார், ஏற மாட்டார்.

ஏழு: ஒரு பெரிய நீரூற்று. தண்ணீர் வந்து நான் பார்த்ததில்லை.

எட்டு: துணி துவைக்கிற மெஷின் கடை. கதவு திறந்ததும் சோப்பு வாசனை வண்டிக்குள் வரும். அங்கே வேலை பார்க்கிற அம்மா ஒருத்தர், துவைத்த துணிகளைக் கொடுத்து வர தினமும் முதல் ஸ்டாப்பிலேயே ஏறிக் கடைசி வரை வருவார். பின்னால் கடைசி சீட்டில் உட்காருவார், ஊர்க் கதையெல்லாம் சொல்வார்.

ஒன்பது: எல்லா மரமும் நேராக இருக்க, ஒரு மரம் மட்டும் சாய்ந்துவிட்டது. கட்டை கொடுத்துக் கட்டியிருக்கிறார்கள். அப்படியும் சாய்ந்தேதான் நிற்கிறது.

பன்னிரண்டு: ஒன்றுமில்லை. அதற்கப்புறம் நீளமான காலி ரோடு. அவ்வளவுதான். ஆனாலும் அதற்கு ஒரு நல்ல பேர் வேண்டும்.

ஸ்டியரிங்


பிப்ரவரி 4

ஓட்டுநர் அவர்களுக்கு,

வேலை ஆக வேண்டும் என்றால் மட்டும் எவ்வளவு பணிவாக எழுத வருகிறது உங்களுக்கு! ‘அது ஒரு வேலையா’ என்று கேட்ட வாய்தானே இது?

அந்த நர்ஸுக்காகச் செய்கிறேன். உங்களுக்காக இல்லை.

மூன்று, பல்லு ஸ்டாப். யோசிக்கவே வேண்டாம்.

ஐந்து, ஏறாத மனுஷன்.

ஏழு, தண்ணி வராத ஊத்து. மூன்று சொல்லாக இருந்தாலும் இழுத்துச் சொல்லும்போது நன்றாக இருக்கும், சொல்லிப் பாருங்கள்.

எட்டு, சோப்பு வாசனை. அந்த அம்மாவுக்கும் சோப்பம்மா என்றே வைத்துவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

ஒன்பது, கோண மரம். அந்த மரத்தை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கட்டை கொடுத்தாலும் நிமிராமல் நிற்கிறதே!

பன்னிரண்டுக்கு வைக்க முடியாது. ஒன்றுமில்லாத இடத்துக்கு எதைப் பார்த்துப் பேர் வைப்பது? ஒன்றுமில்லாத இடத்துக்கு எதற்கு நல்ல பேர் கேட்கிறீர்கள் என்பதும் புரியவில்லை. மறைக்கிறீர்கள். இத்தனை வருஷம் உங்கள் முதுகைப் பார்த்தே நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று சொன்னவள் நான்.

பேரைச் சும்மா சொல்லக்கூடாது. முந்தின ஸ்டாப்பை விட்டுக் கிளம்பியதுமே ஒரு தரம் சொல்ல வேண்டும், வருவதற்குக் கொஞ்சம் முன்னால் இன்னொரு தரம். முதல் தரம் எழுப்புவதற்கு, இரண்டாவது இறக்குவதற்கு.

கண்டக்டர்


பிப்ரவரி 20

விசிலுக்கு,

உன் பேர்கள் ஊரில் பற்றிக்கொண்டன! முதல் நாள் சிரித்தார்கள். இரண்டாம் நாள் சோப்பம்மா, “கோண மரத்துல எறங்கி என் அண்ணன் வீட்டுக்குப் போகணும்” என்று போனில் யாரிடமோ சொன்னதைக் கேட்டேன். இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் ‘தண்ணி வராத ஊத்தே’ என்று ராகம் போடுகிறார்கள். அந்த நர்ஸ் ஒரு தரம்கூடத் தப்பாக இறங்கவில்லை. “யார் வெச்ச பேருங்க?” என்று கேட்டாள். “என் சம்சாரம்” என்றேன். வாயெல்லாம் பல்லாகச் சொன்னேன் என்று சோப்பம்மா கிண்டல் செய்கிறார்.

ஒரு கூத்து நடந்தது. வியாழக்கிழமை ஐந்தாவது ஸ்டாப்பில் கதவைத் திறந்தேன். ஏறாத மனுஷன் பேப்பரை மடித்தார், எழுந்தார், ஏறிவிட்டார்! நேராக என்னிடம் வந்தார்.

“என்னை வெச்சு ஸ்டாப்புக்குப் பேரு வெச்சது யாரு?”

எனக்கு வேர்த்துவிட்டது. “என் சம்சாரங்க. வெளியூர்ல இருக்கா.”

“என் மக எதிர்ப்பக்கம் வர்ற பஸ்ல வேலை முடிஞ்சு வருவா. அவளுக்காகத்தான் உக்காந்திருக்கேன். இன்னிக்கு இதுக்காகவே ஏறிட்டேன். இனிமே பேரை மாத்துவாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க.”

சொல், மாற்றுவாயா?

இங்கே டெப்போவில் பாதிப் பேர் பெண் டிரைவர்கள். இந்தப் பெரிய வண்டியை ஒருத்தி பின்பக்கமாகவே எடுத்துக் கச்சிதமாக நிறுத்துகிறாள், பார்த்து அசந்துபோனேன். சும்மா சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

பன்னிரண்டு என்ன ஆச்சு? நீ வந்து பார்த்தால்தான் பேர் வைப்பாய் என்றால், வந்து பாரேன்.

ஸ்டியரிங்


மார்ச் 2

ஓட்டுநர் அவர்களுக்கு,

மாற்ற மாட்டேன். வைத்தது வைத்ததுதான். ஏறினாலும் அவர் ஏறாத மனுஷன்தான் என்று என் சார்பில் சொல்லுங்கள். மகளுக்காகக் காத்திருக்கிறார் என்று படித்ததும் எனக்கு என்னவோ போலாகிவிட்டது என்பதையும் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை உங்கள் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். பேர் பற்றிக்கொண்டது என்ற இடம் வந்ததும், “பாத்தியா, உன் பேர் இல்லாம அவனால ஒரு ஸ்டாப் தாண்ட முடியல” என்று சொல்லிவிட்டு, உடனே ஆரம்பித்தார்: “புருஷன் ஒரு ஊரு, பொண்டாட்டி ஒரு ஊரு, இது என்னடி குடும்பம்?” ராத்திரிக்குச் சமைக்கிறபோது வழக்கம்போல இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டு அழுதேன். எழுதக் கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன், விடுங்கள்.

இடது கால் வலி உயிர் போகிறது. காலையில் டூட்டிக்கு முன்னால் ஒரு இடத்துக்குப் போய் வருகிறேன். எங்கே என்று கேட்காதீர்கள். ஆஸ்பத்திரி இல்லை, பயப்பட வேண்டாம்.

மாப்பிள்ளை இப்போது இரண்டாவது விசில் முடிகிற வரை காத்திருக்கப் பழகிவிட்டார். ஆனாலும் டிக்கெட் போட்டு முடிக்கிற வரை பாலத்துக்கு முன்னால் நிறுத்தி வைக்கத் தெரியவில்லை. நீங்கள்தான் நிற்பீர்கள். எத்தனை பேர் கத்தினாலும், பாலத்துக்கு அப்புறம் ஸ்டாப்பே இல்லாத நீள ரோடு என்று, என் விசில் வந்தால்தான் எடுப்பீர்கள்.

கண்டக்டர்


மார்ச் 15

விசிலுக்கு,

கால் வலிக்கு எண்ணெய் போட்டுத் தேய், சுடுதண்ணீர் ஊற்று. நின்றுகொண்டே வேலை பார்த்தால் வலிக்காமல் என்ன செய்யும்? எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. ஆனால் யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

நல்ல சேதி ஒன்றுமில்லை. ஆபீஸில் கூப்பிட்டார்கள். அதே அதிகாரிதான். “ஓட்டும்போது நீங்க தலையைத் திருப்பிச் சத்தம் போடுறீங்கன்னு கேமராவுல வருது. ரோட்டைப் பாக்கணும் இல்லையா? ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் சொன்னதும் நியாயம்தான். நம் ஊரில் நான் ரோட்டைப் பார்ப்பேன், ஆட்களை நீ பார்ப்பாய். இங்கே இரண்டையும் ஒருத்தன் பார்க்கப் போனால் இப்படித்தான்.

அதனால் திங்கள்கிழமையிலிருந்து நான் வாயைத் திறப்பதில்லை. வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது, கதவு திறக்கிறது, மூடுகிறது. மனசு விட்டுப்போச்சு. ஒரு நாள் உன் பழைய சீட்டை, அதுதான் அந்தக் குப்பைத் தொட்டியை, கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஒரு ரவுண்டு ஓட்டினேன்.

திரும்பி வந்துவிடலாமா என்றும் நினைத்தேன். வந்தால் அங்கே எனக்கு வண்டி இல்லை. இந்த ஊரையும் வெறுக்க முடியவில்லை. ஒரு கிழவர் சக்கர நாற்காலியோடு யார் உதவியும் இல்லாமல் வண்டிக்குள் ஏறி இறங்குகிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் இந்த ஊரை வரைந்தவன் நல்லவன் என்றுதான் தோன்றுகிறது.

ஒரே ஒரு தரம் வந்து பார். பிடிக்காவிட்டால் போய்விடு. வாயே திறக்க மாட்டேன். இப்போது எனக்கு அது நல்ல பழக்கம்.

ஸ்டியரிங்


ஏப்ரல் 6

என் டிரைவருக்கு,

உங்களைப் பார்த்துவிட்டு ஊர் வந்து சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. ஸ்டேஷனில் உங்கள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. “வந்துடுறியா?” என்று கேட்டீர்கள், “பாக்கலாம்” என்றேன், உடனே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டீர்கள். ரயில் நகர்ந்த பிறகுதான் கையசைத்தீர்கள். அதற்குள் என் ஜன்னல் தாண்டிவிட்டது.

வண்டியில் நடந்ததில் பாதிதான் உங்களுக்குத் தெரியும். நீங்கள் முன்னால் இருந்தீர்கள். பின்னால் நடந்தது உங்களுக்குத் தெரியாது. நேரில் சொல்ல வாய் வரவில்லை, சொன்னால் அழுதிருப்பேன். அதனால் எழுதுகிறேன்.

சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னாலேயே வந்து இறங்கியது வேண்டுமென்றேதான். உங்கள் வண்டிக்காக முதல் ஸ்டாப்பில் நின்று, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, கூட்டத்தோடு பின்கதவில் ஏறினேன். கடைசி சீட்டில் ஒரு அம்மா நகர்ந்து இடம் கொடுத்தார். சோப்பு வாசனை அடித்தது. யார் என்று உடனே தெரிந்துவிட்டது. நான் யார் என்று சொல்லவில்லை.

வண்டி கிளம்பியது. நீங்கள் வாய் திறக்கவில்லை. இரண்டாவது ஸ்டாப் தாண்டியதும் முன்னால் இருந்த ஒரு பிள்ளை திரும்பி, “பல்லு ஸ்டாப்பு!” என்றது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவரை ஒருத்தர் தட்டி, “பல்லு, பல்லு, எறங்கலையா?” என்றார். எனக்குப் புல்லரித்தது. அப்புறம் ‘ஏறாத மனுஷன்’. இரண்டு மூன்று பேர் சேர்ந்து சொன்னார்கள். அவர் பெஞ்சில்தான் இருந்தார், வண்டியைப் பார்த்துக் கையைத் தூக்கினார். ‘தண்ணி வராத ஊத்து’ என்று பிள்ளைகள் இழுத்தார்கள். எட்டிப் பார்த்தால் ஊற்றில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது! “தண்ணிதான் வருதே?” என்று சோப்பம்மாவிடம் கேட்டேன். “போன வாரத்திலேருந்து வருது. அதுக்காகப் பேரை மாத்த முடியுமா? வெச்சவங்க ஒத்துக்க மாட்டாங்களாம்” என்றார்.

உங்களை வாயை மூடச் சொன்னார்கள். சரி. மொத்த வண்டியும் வாயைத் திறந்துகொண்டது. எழுப்புவதற்கு ஒரு தரம், இறக்குவதற்கு ஒரு தரம், நான் எழுதியது மாதிரியே. நான் பார்க்காத ஊரில், நான் இல்லாத வண்டியில், என் வேலை நடந்துகொண்டிருந்தது.

பன்னிரண்டு வந்தது. வண்டி நின்றது. கதவு திறந்தது, மூடியது. யாரும் சத்தம் போடவில்லை. நீங்கள் எடுக்கவும் இல்லை. எதிரே ரோடு காலியாகக் கிடக்கிறது. உங்கள் முதுகு எனக்குத் தெரியும். அது காத்திருக்கிற முதுகு.

“ஏன் நிக்குது?” என்று கேட்டேன்.

“இது விசில் ஸ்டாப்பு” என்றார் சோப்பம்மா, ரொம்ப சாதாரணமாக. “டிரைவரோட சம்சாரம் கண்டக்டராம். நீள ரோடு வர்றதுக்கு முன்னாடி அவங்க டிக்கெட் போட்டு முடிச்சு விசில் அடிச்சாத்தான் எடுப்பாராம். முதல் நாள் வந்தப்போ அந்த ஞாபகத்துல அப்படியே உக்காந்துட்டார். அதிகாரிகூட எறங்கி ரோட்டுல நின்னு திரும்பித் திரும்பிப் பாத்தார். பழக்கம் விடலையாம். நாங்களும் கொஞ்ச நேரம் உக்காந்திருப்போம். என்ன அவசரம் இப்போ?”

ஒன்றுமில்லாத ஸ்டாப்! நல்ல பேர் வேண்டும் என்று எழுதினீர்களே, எனக்கு எழுதாமல் மறைத்த விஷயம் ஊருக்கே தெரிந்திருக்கிறது. பேரையும் அவர்களே வைத்துவிட்டார்கள்.

கைப்பையில் விசில் எப்போதும் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். எடுத்தேன். இரண்டு விசில் அடித்தேன்.

நீங்கள் உடனே கியரைப் போட்டு எடுத்துவிட்டீர்கள். ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை! கொஞ்ச தூரம் போன பிறகுதான் உங்களுக்கு உறைத்தது. ஓரம் கட்டி, இறங்கிப் பின்கதவுக்கு ஓடி வந்து, வாயைப் பிளந்துகொண்டு நின்றீர்கள். எல்லாரும் கை தட்டியது உங்களுக்கே தெரியும். சோப்பம்மா என் கையைப் பிடித்து அழுதது தெரியாது. “நீதானாம்மா?” என்றார், அவ்வளவுதான்.

நீங்கள் டூட்டிக்குப் போயிருந்தபோது நான் ஊரை நடந்தே சுற்றினேன். குறை சொல்ல வேண்டும் என்று தேடித்தான் போனேன். நடைபாதையில் ஒரு குழி இல்லை. கொஞ்சம் நடந்தால் உட்கார ஒரு இடம் இருக்கிறது. பஸ் கடைசியாகத் திரும்புகிற இடங்களிலெல்லாம் பெண்களுக்குத் தனியாக, சுத்தமாக, தாழ்ப்பாள் போடுகிற கழிப்பறை. நாள் முழுக்க வண்டியில் நிற்கிற பொம்பளைக்குத்தான் அதன் அருமை தெரியும். தாகமெடுத்தாலும் தண்ணீர் குடிக்காமல் எத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன்! அதை நினைத்து வரைந்தவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. கோண மரத்தையும் தொட்டுப் பார்த்தேன். துளிர் விட்டிருக்கிறது.

இப்போது கால் வலி விஷயம். எண்ணெய் தேய்க்கச் சொன்னீர்களே, மக்கு! அது கிளட்ச் மிதித்த வலி. பெண் டிரைவர்கள் என்று நீங்கள் ‘சும்மா’ எழுதிய அன்றே போய்ப் பெரிய வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளச் சேர்ந்துவிட்டேன். கார் லைசன்ஸ் எப்போதோ எடுத்துப் பெட்டியில் கிடந்தது. கிளம்புவதற்கு முந்தின வாரம் டெஸ்ட். முதல் தடவையே பாஸ். மாப்பிள்ளைதான் கூட வந்தார், என்னைவிட அவருக்குத்தான் அதிகம் வேர்த்தது.

உங்கள் டெப்போ ஆபீஸுக்கும் போனேன். அதே அதிகாரி. நான் யார் என்று சொன்னதும் சிரித்துவிட்டார். விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு, “ஓட்டும்போது நீங்களாவது கத்தாம இருப்பீங்களா?” என்றார். “நான் ஏன் கத்தணும்? வண்டியே கத்துது” என்றேன். நேற்று கடிதம் வந்துவிட்டது. ஜூன் முதல் தேதியிலிருந்து உங்கள் ரூட்டில் எதிர்ப்பக்கம் ஓடுகிற வண்டி எனக்கு.

ஸ்டேஷனில் ‘பாக்கலாம்’ என்றதற்குக் காரணம் இதுதான். கையில் கடிதம் வராமல் வாக்குக் கொடுக்க மாட்டேன். கண்டக்டர் பையை ஒப்படைக்கப் போகிறேன். அது சாதாரண விஷயம் இல்லை, அப்படி நினைத்துவிடாதீர்கள்.

‘அது ஒரு வேலையா’ என்ற வார்த்தைக்கு நீங்கள் மன்னிப்புக் கேட்கவே இல்லை. இனிமேல் கேட்கவும் வேண்டாம். தினமும் அந்த ஸ்டாப்பில் நிற்கிறீர்களே, அது போதும்.

விசிலைத் தேடினீர்களா? சோப்பம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். நான் வருகிற வரைக்கும் பன்னிரண்டில் அவர் அடிப்பார். இனிமேல் நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம்.

உங்கள்
விசில்


ஏப்ரல் 19

அன்புள்ள விசிலுக்கு,

தைரியமாகப் போட்டுவிட்டேன்.

உன் கடிதத்தை டெப்போவில் ஒரு தரம், அறையில் ஒரு தரம், வண்டி கிளம்புவதற்கு முன்னால் ஸ்டியரிங்கில் வைத்து ஒரு தரம் படித்தேன். எதிர் ஜன்னலில் பல் தேய்க்கிறவர் காலையில் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் முதலில் சிரித்திருப்பேன் போலிருக்கிறது. இரண்டு பேருக்கான வீடு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். கட்டில் அதிலும் மடிக்கிறதுதான், சமையலறை மட்டும் பெரிசு.

ஆனால் நீ செய்துவிட்டுப் போன காரியத்தால் என் உயிர் போகிறது. சோப்பம்மாவுக்கு விசில் கிடைத்தது குரங்கு கையில்... வேண்டாம், நல்ல மனுஷி, அப்படிச் சொல்லக் கூடாது. முதல் இரண்டு நாள் ஒழுங்காக இரண்டு விசில் அடித்தார். மூன்றாம் நாள் சந்தோஷத்தில் நீள ரோட்டின் நடுவிலேயே ஒரே ஒரு விசில் அடித்துவிட்டார். ஒரு விசில் என்றால் என் கால் என்னைக் கேட்காமல் பிரேக்கில்தான் போய் நிற்கும், உனக்குத் தெரியாதா? வண்டி குலுங்கி நின்றது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கிழவரின் சக்கர நாற்காலிக்குத் தனியாக பெல்ட் வைத்துக் கட்டியிருக்கிறார்கள், ஊரை வரைந்தவர் வாழ்க. “எதுக்குங்க நிறுத்தினீங்க?” என்று சோப்பம்மா என்னையே கேட்கிறார். ஒன்றுக்கும் இரண்டுக்கும் வித்தியாசத்தை மொத்த வண்டிக்கும் வகுப்பு எடுத்துச் சொன்னேன். அதிகாரி ஒரு நாள் வண்டியில் வந்தார். விசில் கேட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜூன் ஒன்று என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். ஏறாத மனுஷன் அன்றைக்கு உன் வண்டியில் ஏறுவாராம். அவர் மகள் வருவது உன் பக்கம்தானே, மகள் ஏறுகிற ஸ்டாப்புக்கே போய் ஏறிக்கொண்டு மகளோடு திரும்பி வருவாராம். விசில் ஸ்டாப்பில் உன் வண்டியும் என் வண்டியும் எதிரெதிரே நிற்கும்போது யார் முதலில் எடுப்பது என்று வண்டியில் ஒரே பேச்சு. “ரோடு அகலமா இருக்கு, ரெண்டும் தாராளமாப் போகலாம்” என்றேன். “அது விஷயமில்லப்பா, அவங்க உனக்கு விசில் அடிக்கணும், அவங்களுக்கு யாரு அடிக்கிறது?” என்கிறார்கள்.

அதனால் நேற்று கடைப் பகுதிக்குப் பஸ் ஏறிப் போய் ஒரு விசில் வாங்கிவந்தேன். அறையில் அடித்துப் பழகுகிறேன். நீ அடிக்கிற மாதிரி வரவில்லை, காற்றுத்தான் வருகிறது. ஜூனுக்குள் வந்துவிடும்.

உன்
ஸ்டியரிங்